ஒரே பேரல்: 44 கேலனா, 55 கேலனா?

காரைக்கால் பக்கம் மீனவ ஊரான கிளிஞ்சல்மேட்டில் படகு எஞ்சின் பழுது பார்ப்பது என் தொழில். டீசல் நிரப்பி வைக்கிற இரும்புப் பேரல் எத்தனை கேலன் பிடிக்கும் என்று கேட்டால், ஆஸ்திரேலியாவில் இருந்துவிட்டு வந்தவர் 44 என்பார். அமெரிக்கக் கம்பெனிக் கப்பலில் வேலை பார்த்தவர் 55 என்பார். சண்டையே வேண்டாம், இருவரும் சொல்வது சரிதான். பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர். பெருக்கிப் பாருங்கள்: முதலாவது 200 லிட்டர், இரண்டாவது 208. எட்டு லிட்டரை அவ்வளவு பெரிய பேரலில் யார் பார்க்கிறார்கள்!

நம் பக்கம் ஊருக்கொரு படி இருந்ததுபோல, இங்கிலாந்தில் ஒயினுக்கு ஒரு கேலன், பீருக்கு ஒரு கேலன், தானியத்துக்கு ஒரு கேலன் என்று இருந்தது. அமெரிக்கர்கள் 231 கன அங்குல ஒயின் கேலனை எடுத்துக்கொண்டார்கள். பிரிட்டன் 1824-ல் சட்டம் போட்டு எல்லாவற்றையும் ஒழித்து, பத்து பவுண்டு தண்ணீர் பிடிப்பதுதான் கேலன் என்றது. பழைய இங்கிலீஷ் அளவு இன்று அமெரிக்காவில்தான் உயிரோடு இருக்கிறது என்பது வேடிக்கை.

லிட்டர் பிரெஞ்சுக்காரர்களின் பிள்ளை, 1795-ல் பிறந்தது. எங்கள் காரைக்காலும் 1954 வரை அவர்கள் கையில்தான் இருந்தது. 1956-ல் இந்தியா மெட்ரிக் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் துபாய் பெட்ரோல் பங்க்குகளில் 2010 பிறக்கும்வரை பிரிட்டிஷ் கேலன்தான். வளைகுடாவில் கார் ஓட்டியவர்களுக்கு இது நினைவிருக்கும்.

அளவு மாறும் காலம்தான் ஆபத்தான காலம். கனடா மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்தபோது, 1983 ஜூலை 23 அன்று, ஏர் கனடாவின் புதிய போயிங் 767 ஒன்று மான்ட்ரியாலிலிருந்து கிளம்பியது. எரிபொருள் காட்டும் மீட்டர் வேலை செய்யவில்லை. ஆகவே டேங்க்கில் எத்தனை லிட்டர் என்று அளந்து எடைக்கு மாற்றினார்கள். லிட்டருக்கு சுமார் 0.8 கிலோ என்று பெருக்க வேண்டிய இடத்தில் பழைய பழக்கத்தில் 1.77 என்று பெருக்கிவிட்டார்கள். அது பவுண்டுக் கணக்கு. தேவைப்பட்டதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு ஏறிய விமானம், 41,000 அடி உயரத்தில் எஞ்சின் அணைந்து, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தில் மிதந்தே இறங்கியது. 69 பேரும் பிழைத்தார்கள். விமானிக்குக் கிளைடர் ஓட்டத் தெரிந்திருந்தது. அது அவர்கள் அதிர்ஷ்டம்.

படகு அப்படி மிதந்து கரை சேராது. அமெரிக்க எஞ்சினோடு வரும் புத்தகத்தில் மணிக்கு இத்தனை கேலன் என்றுதான் இருக்கும். 60 அமெரிக்கக் கேலன் டேங்க் 227 லிட்டர்; அதையே பிரிட்டிஷ் கேலனாக எடுத்துக்கொண்டால் 273 என்று கணக்கு வரும். இல்லாத 46 லிட்டரை நம்பிக் கடலுக்குப் போகிறோம். டீசல் தீர்ந்த படகைக் காற்றும் நீரோட்டமும் இலங்கைக் கடல் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டால் என்ன நடக்கும் என்பதை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கேலன் என்று எங்கே பார்த்தாலும் எந்த நாட்டுக் கேலன் என்று முதலில் கேளுங்கள். அமெரிக்கக் கேலன் என்றால் 3.8-ஆலும் பிரிட்டிஷ் கேலன் என்றால் 4.5-ஆலும் பெருக்கி, வரும் லிட்டரைப் பெயிண்டால் டேங்க்கின் மேலேயே எழுதி வையுங்கள்.