உப்புக்குத் துணை சர்க்கரை

வயிற்றுப்போக்குக்கு வாங்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டில் குளுக்கோஸ் 13.5 கிராம், சாப்பாட்டு உப்பு 2.6 கிராம் இருக்கும். குளுக்கோஸைத் தெம்புக்காகச் சேர்த்திருக்கிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் அதன் முதல் வேலை, உப்பையும் தண்ணீரையும் உடம்புக்குள் கூட்டிச் செல்வது.

அந்த வேலை நடக்கும் இடம் சிறுகுடல். நீளம் சுமார் 6 மீட்டர். அதன் உட்சுவர் வெல்வெட் துணி போல இருக்கும். அந்த மெத்துமெத்துப்புக்குக் காரணம் குடலுறிஞ்சிகள் என்னும் விரல் போன்ற நீட்சிகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகாது. அவற்றைப் போர்த்தியிருக்கும் செல்களின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நுண்இழைகள் நெருக்கமாக நிற்கின்றன. மடிப்புகளையெல்லாம் விரித்தால் பரப்பு சுமார் 30 சதுர மீட்டர் வரும் என்று 2014இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நம் கணக்கில் 320 சதுர அடி, ஒரு நல்ல ஹால்.

அந்தச் செல்களில் ஒரு புரதம் வாசல் போல நிற்கிறது. உப்பிலிருக்கும் சோடியம் இரண்டும் குளுக்கோஸ் ஒன்றும் சேர்ந்து வந்தால்தான் அது உள்ளே விடும். அவை போன பின்னால் தண்ணீரும் போகிறது. இப்படி சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாகவே போகின்றன என்று 1960இல் பிராக் நகரக் கூட்டமொன்றில் ஆய்வாளர் ராபர்ட் கிரேன் முன்வைத்தார்.

இதனால் என்ன என்று கேட்டால், காலராவைப் பார்க்க வேண்டும். அதன் நச்சு, செல்களிலிருந்து உப்பையும் நீரையும் குடலுக்குள் கொட்ட வைக்கிறது. வெறும் தண்ணீர் கொடுத்தால் அது உடம்பில் தங்குவதில்லை. ஆனால் இந்த ஜோடி வாசலை மட்டும் காலராவால் அடைக்க முடியவில்லை! 1971இல் வங்காள எல்லையில் பன்கான் அகதி முகாமில் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த நீரை நோயாளிகளின் வீட்டாரிடமே கொடுத்துக் குடிக்க வைத்தார். முப்பது சதவீதத்தை எட்டியிருந்த சாவு, நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. எத்தனை தாய்மார்கள் கையில் குவளையோடு அந்த வாசலைத் திறந்திருப்பார்கள்!

மற்ற சத்துகளுக்கு வேறு வேறு வழிகள். இரும்புச்சத்து பெரும்பாலும் முன்சிறுகுடலிலேயே ஏறிவிடும்; பி12 கடைசிப் பகுதி வரை காத்திருக்கும். கொழுப்பு, ரத்தக்குழாயை விட்டு நிணநீர்க் குழாய் வழியாகச் சுற்றிப் போகும்.

மறுபடி ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்கு வருவோம். சிலர் அதை டம்ளர் தண்ணீரில் பாதி பாதியாகக் கொட்டிக் கலக்குகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது. கரைசல் கெட்டியானால் தண்ணீர் உள்ளே போகாமல் குடலுக்குள் திரும்பி வரும். கவரில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைத்து வையுங்கள். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, மறுபடி ஒரு ஸ்பூன் ஊட்டலாம்.