மாடு வாங்க பாதி மானியமா? புரோக்கர் பேச்சை நம்பாதீங்க! எதுக்கு காசு கிடைக்கும், எதுக்கு கிடைக்காது?

சின்னசேலம்: "மாடு வாங்கினா கவர்மெண்ட் பாதி பணம் தருதாமே?" மாடு வளர்ப்போர் மத்தியில் அடிக்கடி அடிபடும் பேச்சு இது. இதை நம்பி புரோக்கர் கையில் முன்பணத்தைக் கொடுத்துவிட்டு அலைந்தால் நஷ்டம் நமக்குத்தான். பாதி மானியம் என்பது உண்மைதான். ஆனால் அது மாட்டுக்கு இல்லை!

பாதி மானியம் யாருக்கு?

மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கம் 2014-15-ல் தொடங்கியது. 2021-ல் அதை மாற்றி அமைத்தபோதுதான் 50 சதவீத மூலதன மானியம் வந்தது. செம்மறி ஆடு, வெள்ளாடு, நாட்டுக்கோழி, பன்றிப் பண்ணைக்கும், தீவனம் தயாரிக்கும் யூனிட்டுக்கும் இது பொருந்தும். 2024-ல் குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகத்தையும் சேர்த்தார்கள். கழுதைக்கு உண்டு, மாட்டுக்கு கிடையாது!

ஆட்டுப் பண்ணை என்றாலும் சும்மா நாலு ஆடு வாங்க இந்த மானியம் வராது. குறைந்தது 100 பெட்டை, 5 கிடா வேண்டும். அதற்கு அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம். மீதிப் பணத்தை கைக்காசாகவோ பேங்க் லோனாகவோ நாம்தான் போட வேண்டும். பணமும் மொத்தமாக கைக்கு வராது, இரண்டு தவணையாக வரும். வீட்டுக் கொட்டகையில் ரெண்டு மாடு கட்டியிருப்பவருக்கு இது எட்டாத உயரம்.

அடிமாட்டுக்கு ஏன் இல்லை?

இங்கே கறிக்கென்றே மாடு வளர்ப்பவர்கள் அபூர்வம். பாலுக்கு வளர்க்கிறார்கள். பால் வற்றிய மாடு, உழவுக்கு ஆகாத காளை, பால் தராத காளைக் கன்று இவைதான் அடிமாடாக வியாபாரி கைக்குப் போகின்றன. அதனால் அரசுத் திட்டங்களும் பாலைச் சுற்றியே இருக்கின்றன.

சட்டமும் ஒரு காரணம். 1958-ம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, 10 வயதைத் தாண்டி வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஆகாத மாடு, அல்லது காயம், ஊனத்தால் நிரந்தரமாக உதவாமல் போன மாடு என்று சான்று இருந்தால்தான் வெட்டலாம். பசு, கிடாரியை வெட்ட 1976-ல் வந்த அரசாணை தடை போட்டது.

எருமைக்கு மட்டும் ஒரு காலத்தில் கதவு திறந்தது. 11-வது ஐந்தாண்டுத் திட்ட காலத்தில் (2007-2012) எருமைக் கடாக் கன்றுகளை சாகவிடாமல் கறிக்கு வளர்க்க மத்திய அரசு மானியத் திட்டம் கொண்டு வந்தது. தேசிய கால்நடை இயக்கத்தின் 50 சதவீத மானியப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

மூணு வட்டியா, நாலு சதவீதமா?

அப்படியென்றால் மாட்டுக்காரருக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. கையில் ரொக்கமாக வராது, வட்டியில் வரும்.

விவசாயிகளுக்கான கிசான் கிரெடிட் கார்டு 2018-19 பட்ஜெட்டில் மாடு வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டது. தீவனம், மருந்து, பராமரிப்புச் செலவுக்கு இதில் கடன் வாங்கலாம். 2 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டி. கெடு தவறாமல் கட்டினால் 3 சதவீதம் கழிவு. கணக்குப் போட்டால் 4 சதவீதம்தான்.

வெளியில் மூணு வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கினால் வருஷத்துக்கு 36 ஆயிரம் வட்டி. கார்டில் வாங்கி ஒழுங்காகக் கட்டினால் 4 ஆயிரம். 32 ஆயிரம் ரூபாய் மிச்சம்! மானியம் மானியம் என்று தேடுகிறோமே, அது இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரை ஜாமீன் சொத்து கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. எனவே நிலம் இல்லாதவரும் தைரியமாகக் கேட்கலாம். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், போட்டோ கையில் இருக்கட்டும்.

காதுவில்லை பத்திரம்!

கட்டியிருந்த மாடு திடீரென்று செத்தால் குடும்பமே சாய்ந்துவிடும். அதற்குத்தான் இன்சூரன்ஸ். 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை எடுத்த முடிவுப்படி மாட்டுக்காரர் கட்ட வேண்டியது பிரீமியத்தில் 15 சதவீதம் மட்டும். மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டும். பிரீமியம் ஆயிரம் ரூபாய் என்றால் நம் பங்கு 150 ரூபாய்தான். ஒரு வீட்டுக்கு 10 மாடு வரை சேர்க்கலாம். உழவு மாட்டையும் சேர்க்கலாம்.

இதில் பலர் கோட்டை விடும் இடம் காதுவில்லை. 12 இலக்க எண் உள்ள அந்த வில்லைதான் மாட்டுக்கு ஆதார். அது அறுந்து விழுந்தால் உடனே டாக்டரிடம் சொல்லி புதுசு போட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். மாடு செத்தால் புதைக்க அவசரப்படக் கூடாது. கம்பெனிக்குத் தகவல் சொல்லி, கால்நடை டாக்டர் பிரேதப் பரிசோதனை செய்த பிறகுதான் புதைக்க வேண்டும்.

புயலில் செத்தால்?

வெள்ளம், புயலில் மாடு செத்தால் அது தனிக் கணக்கு. 2024-ல் பெஞ்சல் புயல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. அப்போது செத்த மாட்டுக்கு 37 ஆயிரத்து 500 ரூபாய், ஆட்டுக்கு 4 ஆயிரம் ரூபாய் என்று தமிழக அரசு நிவாரணம் அறிவித்தது. இதற்கு வி.ஏ.ஓ.விடம் உடனே சொல்லி பதிவு செய்ய வேண்டும். வாரம் கழித்துப் போனால் அத்தாட்சி இருக்காது.

தாட்கோ தருவது என்ன?

ஆதிதிராவிடர்களுக்கும், கல்வராயன் மலை மக்கள் உள்ளிட்ட பழங்குடியினருக்கும் தாட்கோ கதவு திறந்திருக்கிறது. முதலமைச்சரின் தொழில்முனைவுத் திட்டத்தில் திட்ட மதிப்பில் 35 சதவீதம் அல்லது 3.5 லட்சம் ரூபாய், இதில் எது குறைவோ அது மானியம். வயது 18 முதல் 55-க்குள் இருக்க வேண்டும். இதுவும் பேங்க் லோனோடு சேர்ந்துதான் வரும்.

தீவனத்தில் மிச்சம் பிடிக்க, கரண்டில் ஓடும் புல் நறுக்கும் கருவியை கால்நடைத் துறை 50 சதவீத மானியத்தில் கொடுத்து வருகிறது. சின்னசேலம் பக்கம் மக்காச்சோளத் தட்டைக்குப் பஞ்சமில்லை. நறுக்கிப் போட்டால் மாடு கழிக்காமல் தின்னும். வருஷத்துக்கு இவ்வளவு பேருக்குத்தான் என்று அளவு வைத்திருப்பதால் முந்திக்கொள்பவருக்கே லாபம்.

எங்கே போகணும்?

தலைவாசல் வி.கூட்டுரோட்டில் பிரம்மாண்ட கால்நடை பூங்கா இருக்கிறதே என்று அங்கே பஸ் ஏற வேண்டாம். அது ஆராய்ச்சிக்கும் படிப்புக்கும் உள்ள இடம். இன்சூரன்ஸ், காதுவில்லை, புல் நறுக்கும் கருவிக்கு உங்கள் ஊர் அரசு கால்நடை மருந்தக டாக்டரைப் பாருங்கள். கார்டு கடனுக்கு கணக்கு வைத்திருக்கும் பேங்க் அல்லது கூட்டுறவு கடன் சங்கம். மாட்டுக்கு அவசரம் என்றால் 1962-க்கு போன் போட்டால் நடமாடும் மருத்துவ வண்டி வரும்.

பேங்கில் இழுத்தடித்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். அந்தக் காகிதத்தோடு கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள். புரோக்கருக்கு கமிஷன் கொடுக்கச் சொல்லும் திட்டம் எதுவும் கிடையாது. அப்படி யாராவது கேட்டால், கொடுக்கிற பணம் மாட்டுக்குப் போகாது, அவர் பாக்கெட்டுக்குத்தான் போகும். உஷார்!