உரிமமும் அனுமதியும்
(துப்பாக்கிச் சட்டச் சொற்கள் சில)

ஒரு பொருளைக் குறிக்கும் சொல்லைப் பிறழ வழங்குவோமாயின் அப்பொருளைப் பற்றிய அறிவும் பிறழ்ந்துபோம். இலக்கியத்தில் நேரும் அத்தகைய பிழை படிப்போர்க்கு மயக்கத்தைத் தருவதோடு நின்றுவிடும். சட்டத்திலோ ஒருவனைக் குற்றவாளியாக்கவும் கூடும். இவ்வுண்மையைச் சென்ற கோடை விடுமுறையில் நேரிற் கண்டோம்.

உடுமலைப்பேட்டை வட்டத்தில், ஆனைமலையின் அடிவாரத்தில் எம் தாய்மாமனார் வாழும் சிற்றூர் உள்ளது. அங்கே நிலக்கடலைக் காட்டிற்குக் காவலாக நெடுநாள் ஒரு நாட்டுத் துப்பாக்கியை முறைப்படி வைத்திருந்த முதியவர் ஒருவர் காலமானார். அவர் மகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர். தந்தையின் துப்பாக்கியைப் பரண்மேல் வைத்துவிட்டுக் கவலையின்றி இருந்தார். ஒருநாள் எம் மாமனாரிடம், "ஏனுங் மாமா, அப்பா பேருல உரிமம் இன்னும் ரெண்டு வருசம் இருக்குதுங். காடு தோட்டமெல்லாம் எனக்கு வந்த மாதிரி அதுவும் எனக்குத்தானுங்களே?" என்றார். கிராம நிர்வாக அலுவலராயிருந்து ஓய்வு பெற்ற எம் மாமனார் திடுக்கிட்டு, "கண்ணு, துப்பாக்கி உனக்கு வரலாம், உரிமம் வராது. நாளைக்கே ஸ்டேசன்ல ஒப்படைச்சு ரசீது வாங்கிக்கோ" என்றார்.

அவ்விளைஞர் தீய எண்ணம் உடையவர் அல்லர். 'உரிமம்' என்னும் சொல்லில் 'உரிமை' என்னும் ஒலி கேட்டார். உரிமை தந்தையிடமிருந்து மைந்தனுக்கு இறங்கும் என்று நம்பினார். இம்மயக்கம் அவர் ஒருவர்க்கே உரியதன்று, கற்றாரிடத்தும் உண்டு. ஆதலின் இத்துறையில் வழங்கும் சொற்களைப் பிரித்துக் காட்டுதல் பயனுடைத்தாமென எண்ணி இதனை எழுதுகின்றோம்.

முதற்கண் 'உரிமம்' என்பதை நோக்குவோம். 'லைசென்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல் 'இசைவு பெற்றிருத்தல்' எனப் பொருள்படும் இலத்தீன் வேரினின்று பிறந்தது. அதற்கு நேராக நாம் கொண்ட தமிழ்ச் சொல்லோ 'உரி' என்னும் வேரினின்று பிறந்தது. இரண்டும் ஒரே சீட்டைக் குறிப்பினும் வேர்ப்பொருள் வேறு. சட்டம் கருதுவது முன்னதையே. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 3ஆம் பிரிவின்படி உரிமமின்றி எவரும் துப்பாக்கியையோ தோட்டாவையோ அடைதலும், உடைமையாக வைத்திருத்தலும், உடன் கொண்டு செல்லுதலும் ஆகா. உரிமம் என்பது இன்னார்க்கு, இன்ன துப்பாக்கிக்கு, இன்ன காரணம் பற்றி, இன்ன எல்லைக்குள், இன்ன காலம்வரை என அரசு வரையறுத்துத் தரும் இசைவு. 2019ஆம் ஆண்டின் திருத்தத்தால் அக்காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாயிற்று. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை 3இலிருந்து 2ஆகக் குறைந்தது.

துப்பாக்கி பொருள், அது வாரிசுக்கு உரித்தாகலாம். உரிமம் ஆளைச் சார்ந்தது. அவ்வாள் மறைந்தவழி அதுவும் மறையும். அந்நிலையில் துப்பாக்கியைக் காலந்தாழ்த்தாது அண்மையிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற வணிகரிடத்திலோ ஒப்படைத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு. வாரிசு தம் பெயரில் உரிமம் பெற்றபின் அதனை மீட்கலாம். வேண்டாவாயின் முறைப்படி விற்றுவிடலாம்.

உரிமம் உரிமையன்று என்றதனால் அது முற்றிலும் அதிகாரியின் விருப்பத்திற்கு உட்பட்டதெனவும் கொள்ளற்க. தற்காப்பிற்கோ விளையாட்டிற்கோ வேண்டப்படும், 20 அங்குலத்திற்குக் குறையாத குழலுடைய, உள்வரியற்ற துப்பாக்கிக்கும், உண்மையான பயிர்க்காவலுக்குக் குழல்வாய் வழியே மருந்திட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கிக்கும், மறுத்தற்குரிய காரணம் இல்லையாயின், உரிமம் அளிக்க வேண்டுமென 13ஆம் பிரிவு கூறுகின்றது. பிறவற்றிற்குத் தக்க காரணம் உண்டென அதிகாரி தெளிதல் வேண்டும். மறுக்கப்பட்டோர் மேல்முறையீடு செய்தற்கும் வழியுண்டு.

இனி 'அனுமதி' அல்லது 'பெர்மிட்' என்பது. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தார் 'லைசென்ஸ்' என்பதையே மற்றொரு மாநிலத்தார் 'பெர்மிட்' என்பர். அந்நாட்டுப் படங்களையும் செய்திகளையும் பார்த்துப் பழகிய நம்மவர் 'கன் பெர்மிட்' என இங்கும் சொல்லுகின்றனர். ஆயின் திருப்பூரார்க்கு இவ்வேறுபாட்டை விளக்கப் பெருமுயற்சி வேண்டா. பின்னலாடை மூட்டைகளை ஏற்றித் தூத்துக்குடித் துறைமுகம் செல்லும் லாரியை நோக்குக. ஓட்டுநர் கையிலிருப்பது லைசென்ஸ். லாரிக்கு இருப்பது பெர்மிட். முன்னது ஆளின் தகுதி பற்றியது. பின்னது அவ்வண்டி இன்னவாறு தொழிற்படலாம் என்பது பற்றியது. ஒன்று இருப்பதனால் மற்றொன்று வேண்டாவென எந்த ஓட்டுநரும் எண்ணுவதில்லை.

துப்பாக்கி வகையிலும் இவ்வாறே. பயிர்க்காவலுக்கு உரிமம் பெற்ற உழவர், காட்டுப்பன்றி கடலைக்காட்டை உழுதுபோட்டது கண்டு அதனைச் சுட்டுவிடலாமோ எனின், ஆகாது. அது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டது. பயிருக்குக் கேடு செய்யும் விலங்கேயாயினும், அதனைக் கொல்லுதற்குத் தலைமை வனவுயிர்க் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்ற அலுவலரோ எழுத்தில் ஆணை தருதல் வேண்டும். துப்பாக்கி வைத்திருத்தற்கு உரிமம். விலங்கைச் சுடுதற்கு அனுமதி. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிய உழவர், உரிமச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே வழக்கில் சிக்குவர்.

அதே சட்டத்தில் மூன்றாவது சொல் ஒன்றும் உண்டு: 'பதிவு'. ஒரு பகுதி சரணாலயமென அறிவிக்கப்பட்டபின் 3 மாதத்திற்குள், அதனுள்ளும் அதனைச் சூழ்ந்த 10 கிலோமீட்டருள்ளும் வாழும் உரிமதாரர் தம் பெயரைப் பதிந்துகொள்ள விண்ணப்பித்தல் வேண்டும். இது புதிய உரிமமும் அன்று, அனுமதியும் அன்று. இன்னார் கையில் துப்பாக்கி உண்டென வனத்துறை அறிந்துகொள்ளும் குறிப்பே. 1976இல் சரணாலயமாகவும் 2007இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட ஆனைமலைக் காட்டை அடுத்து வாழ்வோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

நான்காவது 'விலக்கு'. 1878ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஐரோப்பியர்க்கு விலக்கு இருந்தது. இந்தியர்க்கோ உரிமம் வேண்டியிருந்தது. ஆதலின் நம் தலைவர் பலர் அச்சட்டத்தைக் கண்டித்தனர். இன்றும் குடகு நாட்டில் கொடவ இனத்தார்க்கும் ஜம்மா என்னும் நிலவுரிமை உடையார்க்கும் விலக்கு உண்டு. அது 2029ஆம் ஆண்டுவரை நீட்டிக்கப்பட்டுள்ளது. அவர்களை 'உரிமம் இல்லாதவர்' எனச் செய்தியில் எழுதின் சொல் மெய்யாயினும் பொருள் பொய்யாம்.

இன்னும் இரண்டு மயக்கங்களைச் சுட்டுதும். 'தடை செய்யப்பட்ட துப்பாக்கி' என்பதும் 'உரிமமற்ற துப்பாக்கி' என்பதும் ஒன்றல்ல. விசையை ஒருமுறை அழுத்தினால் தொடர்ந்து சுடுவது போன்றவை தடை செய்யப்பட்ட வகை. மத்திய அரசின் தனி அதிகாரமின்றி அவற்றை எவரும் வைத்திருத்தல் ஆகாது. உரிமமற்றது என்பதோ வகையைக் குறிப்பதன்று. எளிய நாட்டுத் துப்பாக்கியும் புதுப்பிக்கத் தவறினால் உரிமமற்றதாம். மறதியால் புதுப்பிக்காத முதியவரையும், களவாகத் துப்பாக்கி செய்து விற்பவனையும் 'கள்ளத் துப்பாக்கி வைத்திருந்தவர்' என ஒரே சொல்லால் குறித்தல் முறையன்று.

மற்றொன்று 'ஒப்படைப்பு'. தேர்தற் காலத்தில் உரிமதாரர்கள் தம் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் வைத்து, தேர்தல் முடிந்தபின் மீளப் பெறுவர். இதனை அவ்வூர்த் தேநீர்க் கடையில் ஒருவர் 'பறிமுதல்' எனவும், மற்றொருவர் 'உரிமம் ரத்து' எனவும் பேசக் கேட்டோம். பறிமுதல் என்பது குற்றம் பற்றிக் கைப்பற்றுதல். ரத்து என்பது உரிமத்தையே நீக்குதல். சிறிது காலம் நிறுத்திவைத்தல் அதனினும் வேறு. ஒப்படைப்பில் இவற்றுள் ஒன்றும் இல்லை. பிழையான ஒரு சொல்லால் குற்றமற்ற ஒருவரின் பெயர் ஊர் நடுவே கெடும் என்பதை எண்ணுதல் வேண்டும்.

'உரிமம்' என்னும் சொல் இன்று நிலைபெற்றுவிட்டது. அதனை மாற்றுக என யாம் கூறவில்லை. அச்சொல்லுள் இருப்பது உடைமையுரிமை அன்று, அரசின் இசைவே என்பதை மனத்திற் கொண்டு வழங்குக என்பதே எம் வேண்டுகோள். தமிழ் பயிலும் நம்மனோர் பழஞ்சொற்களுக்குப் பொருள் காண்பதோடு, அலுவலகங்களிலும் செய்தித்தாள்களிலும் நாள்தோறும் வழங்கும் இத்தகைய சொற்களையும் ஆராய்ந்து ஊரார்க்கு எடுத்துரைத்தல் கடனாகும்.

அவ்விளைஞர் மறுநாளே மாமனாரை உடன் அழைத்துச் சென்று துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது பெற்றார். திரும்பி வருகையில், "இந்த ரசீதுதான் இப்போதைக்கு எனக்கு உரிமையானதுங்களா மாமா?" என்று வினவினார். "ஆமா கண்ணு, அதைப் பத்திரமா வெச்சுக்கோ" என்றார் மாமனார்.