லயத்து வீட்டில் ஒரு நத்தார் மாதம்

திருவழிபாட்டு ஆண்டு திருவருகைக் காலத்தின் முதலாம் ஞாயிறோடு ஆரம்பமாகின்றது. 2024ஆம் ஆண்டில் அந்த ஞாயிறு டிசெம்பர் முதலாந் திகதியிலேயே அமைந்தது. அன்று தொடங்கி கிறிஸ்து பிறப்பு, திருக்குடும்பத் திருவிழா, மரியாள் இறைவனின் தாய் பெருவிழா எனத் தொடர்ந்து மூன்று இராசாக்கள் திருநாள் வரை செல்லும் அந்த ஐந்து வாரங்களையும் தோட்டப்புறத்துக் கத்தோலிக்க மக்கள் ஒன்றாய்ச் சேர்த்து 'நத்தார் மாதம்' என்றே சொல்வர். ஊதா நிற மெழுகுதிரியை விட, கொழும்பிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் 99ஆம் இலக்க பஸ்ஸே இங்கு பல வீடுகளில் அம்மாதத்தின் வருகையை அறிவிக்கின்றது. தலைநகரில் தொழில் புரியும் கணவர்மாரும் பிள்ளைகளும் அந்தப் பஸ்ஸில்தான் ஊர் திரும்புகின்றனர்.

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும் உள்ளடக்கிய இரத்தினபுரி மறைமாவட்டம், காலி மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 1995 நவம்பர் 2ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரினால் நிறுவப்பட்டது. பிற்காலத்தில் கர்தினாலாக உயர்த்தப்பட்ட மல்கம் ரஞ்சித் ஆண்டகையே அதன் முதலாவது ஆயர் ஆவார். பௌத்த மக்கள் பெரும்பான்மையினராக வாழும் சப்ரகமுவவில் கத்தோலிக்கர் சிறு தொகையினரே. இறக்குவானை, பலாங்கொடை, காவத்தை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை என்று தேயிலையும் இறப்பரும் மாறி மாறி வரும் மலைச்சரிவுகளில் அவர்களின் சிற்றாலயங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்கின்றன. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்கு அஞ்சி இப்பிரதேசத்திலிருந்து வவுனியாப் பக்கம் சென்று குடியேறிய குடும்பங்களும் உண்டு. எஞ்சி நின்றவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று அவ்வாலயங்களில் பாலன் குடில் அமைக்கின்றனர்.

பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழும் அத்தகைய இளங்குடும்பம் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகின்றோம். பெயர் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் அதனைத் தவிர்க்கின்றோம். கணவருக்கு முப்பத்தொரு வயது. புறக்கோட்டைப் புடைவைக் கடையொன்றில் வேலை. மனைவி தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். மூத்தவள் மூன்றாம் தரத்தில் படிக்கின்றாள். இளையவனுக்கு அப்பொழுது மூன்று வயது. கணவரின் தாயாரும் அவர்களோடு அந்த லயத்துக் காம்பராவில் வசிக்கின்றார். பிள்ளைகளுக்கு அவர் 'அப்பாயி'.

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. மாதம் இருபத்தைந்து நாட்கள் முழுப்பேர் விழுந்தால் 33,750 ரூபா. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு வீதமாக 2,700 ரூபா கழியும். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். மழை தொடர்ந்தால் அதுவும் சந்தேகம். இரத்தினபுரி மாவட்டத்து மழையைப் பற்றி வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இவ்வருமானத்தைக் கொண்டு ஐவர் வாழ இயலாது என்பதாலேயே கணவர் கொழும்புக்குச் சென்றார். மாதத்துக்கு ஒருமுறை, ஒரு ஞாயிறு மட்டுமே வீட்டுக்கு வருவார்.

டிசெம்பர் முதலாந் திகதி அவ்வாறே வந்திறங்கினார். வாசலில் நின்ற இளையவன் அவரைக் கண்டதும் அப்பாயியின் சேலைக்குள் ஒளிந்துகொண்டான். "யார் வந்திருக்கிறது, சொல்லு பாப்போம்" என்று பாட்டி கேட்க, "மாமா" என்றான். லயத்தார் சிரித்தார்கள், தகப்பனும் சேர்ந்து சிரித்தார். அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று மனைவி எம்மிடம் கூறினார்.

அவ்வேளையில் அவர் முன் ஒரு கணக்கு இருந்தது. நத்தார் வியாபாரம் உச்சமடையும் 24ஆம் திகதி தொடக்கம் 31ஆம் திகதி வரை கடையில் நிற்போருக்கு இரட்டைச் சம்பளம் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். அந்தத் தொகை கிடைத்தால் காம்பராவின் ஒழுகும் பக்கத்துக்குப் புதிய தகரம் வாங்கலாம். கூரை ஒழுகும் வீட்டில் இது சிறிய விடயமன்று. மனைவியோ, "தகரம் அடுத்த வருசமும் கடையில இருக்கும்ங்க. புள்ள ஒங்கள மறந்துட்டா என்ன செய்யிறது?" என்று மட்டும் கேட்டாராம். அவர் விடை கூறாமலே திங்கட்கிழமை அதிகாலை பஸ்ஸுக்குச் சென்றுவிட்டார்.

குடும்பத் தலைவன் இல்லாமலும் நத்தார் மாதம் நடந்தேறவே செய்தது. பத்தாந் திகதி சம்பளம். அதற்கு முன்பே பண்டிகை முற்பணம் கிடைத்திருந்தது. இந்து மக்களுக்குத் தீபாவளிக்கும் கிறிஸ்தவர்களுக்கு நத்தாருக்கும் வழங்கப்படும் இம்முற்பணம் அன்பளிப்பன்று. தவணை முறையில் சம்பளத்திலிருந்து கழிக்கப்படும் கடனே. பிள்ளைகளுக்கு உடுப்பு, சுவருக்குச் சுண்ணாம்பு, பலகாரத்துக்கு மாவும் எண்ணெயும் என்று அது கைக்கு வந்த வேகத்திலேயே கரைந்தது. கேக்குக்கு ரவையும் மாஜரினும் முட்டையும் சேர்த்து வீட்டிலேயே கலக்கித் தட்டில் ஊற்றி, நகரத்துப் பேக்கரியின் போறணைக்குக் கொண்டுபோனார்கள். மலைப்பாதையில் தட்டைச் சாயாமல் தூக்கிச் செல்வது மூத்தவளின் பொறுப்பு. வழியில் விரலை விட்டு எத்தனை முறை நக்கினாள் என்பது பாவசங்கீர்த்தனத்துக்குரிய விடயமாதலால் நாம் அதனைக் கேட்கவில்லை.

16ஆம் திகதி நவநாள் ஆரம்பமாகியது. ஒவ்வொரு மாலையும் ஒரு கத்தோலிக்க வீட்டில் செபமாலை, பின்னர் பாடல், கடைசியில் தேநீரும் முறுக்கும். அந்த லயத் தொகுதியில் கத்தோலிக்க வீடுகள் ஒன்பதுதான். ஒன்பது நாளுக்குக் கணக்குச் சரியாயிற்று. கரோல் குழுவினர் இந்துக்களின் இஸ்தோப்புகளிலும் நின்று பாடினார்கள். அங்கும் கற்பூரத்தட்டு எடுத்து வரவேற்கும் தாய்மார் உண்டு. நட்சத்திரக்கூட்டுக்கு மூங்கில் வளைத்துக் கொடுத்தவன் கீழ்க் கிராமத்துச் சிங்கள இளைஞன். வெசாக் காலத்தில் கூடு கட்டித் தேர்ந்த கை அது. ஐந்து முனையும் பிசகாமல் வந்தது. உந்துவப் போயாவோடு சிவனொளிபாதமலை யாத்திரையும் தொடங்கிவிட, இரவில் அடியார்களின் வாகனங்கள் செல்லும் வீதியோரத்தில் இந்த நட்சத்திரமும் எரிந்தது.

பாலன் குடில் அமைக்கும் வழக்கம் 1223ஆம் ஆண்டு கிறேச்சோ என்னும் இத்தாலிய மலைக்கிராமத்தில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் ஏற்பாடு செய்த கிறிஸ்து பிறப்புக் காட்சியிலிருந்து பரவியது. 2019 டிசெம்பர் முதலாந் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் அதே கிராமத்துக்குச் சென்று குடிலின் பொருள் பற்றிய திருமடல் ஒன்றில் ஒப்பமிட்டார். மலைக்கிராமத்தில் பிறந்த வழக்கம் என்பதாலோ என்னவோ, அது எங்கள் மலைகளுக்கு நன்றாகவே பொருந்துகின்றது. தேயிலை மிலாறு குடிலின் கால்களாகும், மானாப்புல் கூரையாகும், பீலிக்கரைப் பாசி பெத்லகேமின் புல்வெளியாகும். ஆற்றுக் கூழாங்கற்கள் பாதையாகும். மாணிக்கக் கற்கள் பொதிந்த மண்ணடுக்கை இம்மாவட்டத்துச் சிங்களச் சகோதரர் 'இல்லம' என்கின்றனர். தமிழ்க் காதுக்கு அது 'இல்லம்' என்றே ஒலிப்பது எமக்கு எப்போதும் ஒரு சிறு மகிழ்ச்சி.

23ஆம் திகதி இரவு பத்து மணிக்கு, யாரும் எதிர்பாராத வேளையில், தகப்பன் வந்து கதவைத் தட்டினார். இரட்டைச் சம்பளத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டு, ஜனவரி முதலாந் திகதி வரை விடுமுறை கேட்டுப் பெற்றிருந்தார்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நத்தார் இரவிலும் வேலைத்தலத்தில் நிற்க நேரும் தகப்பன்மாரும் தாய்மாரும் நம் குடும்பங்களில் ஏராளம். மத்திய கிழக்கில் பிறர் பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டே தன் பிள்ளையை நினைக்கும் தாய் அன்பில் குறைந்தவள் அல்லள். பாலன் பிறந்த செய்தியை முதலில் கேட்ட இடையர்களும் இரவு வேலையில் இருந்தவர்களே. இந்தக் கணவர் எடுத்த முடிவு எல்லாருக்கும் இயலக்கூடியதென்று நாம் கூறவரவில்லை. அவருக்கு அது இயன்றது. அதற்குரிய விலையையும் அவர் கொடுத்தார்.

திருப்பலி 24ஆம் திகதி மாலை ஏழு மணிக்கு. பல சிற்றாலயங்களுக்கு ஒரே பங்குத்தந்தை என்பதால், "எங்களுக்கு நடுச்சாமம் ஏழு மணிக்கே வந்துரும்" என்று அப்பாயி சொல்லிச் சிரிப்பார். வாசகம் ஒன்று தமிழிலும் மற்றொன்று சிங்களத்திலும் வாசிக்கப்பட்டன. மறுநாள் காலை பலகாரத் தட்டுகள் லயம் முழுவதும் சென்றன. இரவு கூடலூரிலிருந்து அப்பாயியின் அக்காள் தொலைபேசித் திரையில் தோன்றினார். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தினால் பிரிந்து சென்ற குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. முன்னர் ஆண்டுக்கொரு வாழ்த்து அட்டை, அதுவும் பொங்கலுக்குப் பிறகே வந்து சேரும். இப்பொழுது இரு கிழவிகளும் திரையில் ஒருவரையொருவர் தொட்டுப் பார்க்கின்றனர்.

விழாக்காலத்தில் தோட்டங்களைப் பீடிக்கும் சாராயத்தையும் கசிப்பையும் பற்றி எழுதாமல் விட முடியாது. முற்பணத்தின் பெரும் பங்கை அவை விழுங்கிய வீடுகள் அந்த லயத்திலும் இருந்தன. இந்தக் கணவரையும் நண்பர்கள் வந்து அழைத்தார்கள். மகனைத் தோளில் வைத்திருந்ததால் போக முடியவில்லை என்று அவர் சொன்ன காரணத்தை நாம் அப்படியே நம்புகின்றோம்.

உண்மையில் அந்த ஒன்பது நாட்களின் சாரம் பண்டிகைக்கு வெளியேதான் இருந்தது. காலையில் மகனைப் பீலிக்குக் கூட்டிச்சென்று குளிப்பாட்டினார். முதல் நாள் அலறினான். இரண்டாம் நாள் தண்ணீரைத் தகப்பன் முகத்தில் அடித்தான். விறகு பிளக்கும்போது சிறு துண்டுகளைப் பொறுக்கிக் கொடுத்தான். மனைவி கொழுந்துக்குச் சென்ற நாட்களில் தகப்பன் சுட்ட ரொட்டி கருகியது. கட்டச் சம்பலோடு அதையும் சாப்பிட்டார்கள். மகளுக்குப் பெருக்கல் வாய்பாடு சொல்லிக் கொடுத்தார். புடைவைக் கடையில் முழங்கணக்கு போட்டுப் பழகியவர் அல்லவா! மாலையில் கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு சாயத்தேநீர். இருட்டியதும் அப்பாயியின் கதை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, எந்த நேரத்தில் என்று எவருக்கும் நினைவில்லை, 'மாமா' நின்று 'அப்பா' வந்துவிட்டது.

புனித சூசையப்பரைப் பற்றி 2020 டிசெம்பர் 8ஆம் திகதி வெளியிட்ட திருமடலில் பாப்பரசர் பிரான்சிஸ், பிள்ளையை உலகுக்குக் கொண்டுவருவதனால் மட்டும் ஒருவர் தந்தையாகிவிடுவதில்லை என்றும், அப்பிள்ளையின் பொறுப்பை ஏற்பதனாலேயே அவ்வாறு ஆகின்றார் என்றும் விளக்குகின்றார். சூசையப்பர் பேசிய ஒரு சொல்லையேனும் நற்செய்தியாளர் எவரும் எழுதி வைக்கவில்லை. நாசரேத்தில் அவர் செய்தவை பெரும்பாலும் இத்தகைய காரியங்களாகவே இருந்திருக்கும்: தண்ணீர், விறகு, உணவு, வேலை பழக்குதல். ஆண்டவர் தமது வாழ்வின் முப்பது ஆண்டுகளை அவற்றுள் செலவிட்டார் என்பதை நாம் மறையுரைகளில் வேகமாகக் கடந்துவிடுகின்றோம்.

29ஆம் திகதி திருக்குடும்பத் திருவிழா. 1921இல் பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அனைத்துலகத் திருச்சபைக்கும் விரிவாக்கிய விழா அது. 2025 யூபிலி ஆண்டு உலகெங்கும் மறைமாவட்டங்களில் அன்றுதான் தொடங்கி வைக்கப்பட்டது. இரத்தினபுரி பேராலயத்துக்குச் செல்ல வேண்டுமென்று மகள் ஆசைப்பட்டாள். ஐவருக்கும் பஸ் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டுத் தோட்டத்து ஆலயத்திலேயே செபித்தார்கள். பிற்பகலில் ஆற்றங்கரைக்குச் சோற்றுப் பொதி கட்டிக்கொண்டு போனார்கள். அன்றைய புகைப்படத்தில் அப்பாயியின் கால்கள் தண்ணீருக்குள் இருக்கின்றன. இளையவன் கண்ணை மூடியிருக்கின்றான்.

ஜனவரி முதலாந் திகதி காலையில் பால்சோறும் திருப்பலியும்; மாலையில் பஸ். இளையவன் வீதி வரை வந்து அழுதான். அழுகையைக் கேட்டுத் தகப்பனுக்கு ஒருவகை நிம்மதி உண்டானதாக மனைவி சொன்னார். தாமும் அவ்வாறே உணர்ந்ததை அவர் மறைக்கவில்லை.

தைப்பொங்கலன்று அண்டை வீட்டுத் தட்டுகள் இங்கே வந்தன. ஜனவரிச் சம்பளத்தில் முற்பணத்தின் தவணை கழிந்திருந்தது. தகரம் வாங்கப்படவில்லை, மழை பெய்த இரவுகளில் ஒழுகும் இடத்தில் வாளி வைத்தார்கள். பெப்ரவரி 2ஆம் திகதி, ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த விழா, ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. தகப்பன் முதல் நாள் இரவே வந்து சேர்ந்தார். இளையவன் அப்பாயியின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்தில் தூங்காமல் நின்றான். அவர் இறங்கியதும், "அப்பா, பையில என்ன?" என்று கேட்டான்.