வயிற்றுத் தையல் விடுமா?

ரண சிகிச்சைக்குப் பின் தையலைப் பிரித்துவிட்டார்கள் என்றதும், கண்டம் நீங்கிற்று என்று வீட்டார் ஆறுதல் கொள்வது வழக்கம். ஆயினும், கண்ணுக்குத் தெரியும் அத்தையல் தோலுக்கு இட்டது மட்டுமே. வயிற்றின் பளுவைத் தாங்குவதோ தோலுக்கு அடியிலுள்ள உறுதியான தசைநார்ப் படலம். அங்கே இட்ட தையல் நெகிழுமானால், தழும்பின் வழியே குடல் பிதுங்கிக் குடலிறக்கம் உண்டாகிறது.

கிழிந்த குடலின் வாயைக் கருப்பெறும்புகளைக் கடிக்கவிட்டு மூடும் முறையைச் சுசுருதர் சொல்லியிருக்கிறார். அன்று முதல் இன்றுவரை வழிகள் பல. குறையற்ற வழி ஒன்றுமில்லை. ஆட்டுக் குடலில் முறுக்கிய நூல், படலம் கூடுமுன்பே வலுவிழக்கும். பட்டு நூலின் புரிகளுக்கிடையே கிருமி தங்கினால் சீழ் வடிந்துகொண்டேயிருக்கும். நைலான் நிலைத்து நிற்கும். ஆனால் அதன் முடிச்சு தோலடியில் உறுத்தும். ஆகையால், மெல்லக் கரையும் செயற்கை நூலையே இன்று பலரும் விரும்புகின்றனர்.

நூலினும் முக்கியமானது தைக்கும் விதம். ராசிபுரத்துப் பட்டுச் சேலையின் ஓரத்தை ஒட்டி ஊசி போட்டால் இழை பிரிந்துவிடும் என்பதை நம் பெண்டிர் அறிவர். வைத்தியர்களும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணி, ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தைத்து வந்தனர். உடலோ துணியன்று! அகன்ற தையல், கொழுப்பையும் தசையையும் சேர்த்து நெரிக்கிறது. நெரிந்த இடம் நலிய, நூல் தளர்கிறது.

ஹாலந்து தேசத்தில் 560 பேரிடம் நடத்திய பரீட்சையின் முடிவு 2015-ல் வெளியாயிற்று. நடுவயிற்றில் நெடுக அறுத்தவர்களுள், அகன்ற தையல் இட்டவரில் நூற்றுக்கு 21 பேருக்கு ஓராண்டில் குடலிறக்கம் கண்டது. ஐந்து மில்லிமீட்டர் அளவில் நெருக்கித் தைத்தவரிலோ 13 பேருக்குத்தான். இதற்கான கூடுதல் நேரம் ஏறக்குறைய நான்கு நிமிஷமே! எனினும், இது நாள் குறித்துச் செய்த சிகிச்சைகளில் கண்டது. அவசர சிகிச்சைக்கு அப்படியே பொருந்துமென்று கொள்வதற்கில்லை.

வயிறு உப்பும்போது காயமும் நீளுகிறது. ஆகவே காயத்தின் நீளத்தைப் போல் நான்கு மடங்கு நூலாவது செலவாக வேண்டுமென்று இங்கிலாந்தில் ஜென்கின்ஸ் என்பவர் 1976-ல் விளக்கினார்.

எஞ்சிய கடமை வீட்டாருடையது. படலம் வலிமை பெற மாதக் கணக்காகும். தண்ணீர்க் குடமும் நெல் மூட்டையும் வைத்தியர் அனுமதிக்கும்வரை காத்திருக்கட்டும். இருமலையும் மலச்சிக்கலையும் அசட்டை செய்யலாகாது. சிகிச்சை முடிந்த ஒரு வாரத்திற்குள்ளோ சிறிது பின்னோ காயத்திலிருந்து திடீரென இளஞ்சிவப்பு நீர் கசிந்தால், உள் தையல் விட்டதென்று அஞ்சி, அக்கணமே ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். இங்கே தாமதம் உயிருக்கே அபாயம்.