சிவப்பா இருந்தாதான் ருசியா? தெருமுனை 'சைனீஸ்' கடையில் தட்டுக்கு வருவது என்ன?

திருப்பூர்:-

சனிக்கிழமை சாயங்காலம். பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் கைக்கு வந்துவிடும். அன்றைக்கு ராத்திரி பல வீடுகளில் அடுப்பு எரியாது. "ஏனுங்க, புள்ளைங்க ரொம்ப நாளா கேக்குதுங்க. ஒரு எட்டு போயிட்டு வரலாமுங்களா?" என்று வீட்டுக்காரம்மா கேட்டால், "செரி, கெளம்பு" என்பதுதான் பதில்.

போகிற இடம் பெரிய ஓட்டல் இல்லை. தெருமுனையில் இருக்கும் பாஸ்ட்புட் கடை. போர்டில் 'சைனீஸ்' என்று எழுதியிருக்கும். வாசலிலேயே அடுப்பு. தீ ஆளுயரம் எழும்ப, மாஸ்டர் வாணலியைத் தூக்கித் தூக்கிப் போடுவார். டங்... டங்... என்று கரண்டிச் சத்தம். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து பிள்ளைகள் வாயைப் பிளந்து வேடிக்கை பார்க்கும்.

ஒரு புல் சிக்கன் பிரைடு ரைஸ், ஒரு கோபி மஞ்சூரியன். நாலு பேர் பங்கு போட்டுச் சாப்பிட்டு முடித்ததும் சின்னப் பையன் கையை நீட்டுகிறான். விரல் நுனி எல்லாம் சிவப்பு. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு அந்தக் கறையைப் பார்த்ததும் சுருக்கென்கிறது. கறை ஒட்டுகிற சாயத்தைத் தினமும் கையால் தொடுகிறவர் ஆயிற்றே!

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை இல்லை. சனிக்கிழமை தோறும் எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது? சைனீஸ் சாப்பாடு என்றாலே அஜினோமோட்டோ, விஷம் என்கிறார்களே, அது நிஜமா? உண்மையில் பயப்பட வேண்டியது எதற்கு? விவரம் வருமாறு:-

சீனாவில் கிடைக்காத 'சைனீஸ்'

முதலில் ஒரு வேடிக்கை. நாம் சாப்பிடும் கோபி மஞ்சூரியனை சீனாவில் போய்க் கேட்டால் முழிப்பார்கள். மஞ்சூரியா என்பது சீனாவின் வடகிழக்கில் உள்ள ஒரு பகுதி. அந்த ஊருக்கும் இந்தப் பதார்த்தத்துக்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சீனர்கள் நம் நாட்டுக்கு வந்து 200 வருஷத்துக்கு மேல் ஆகிறது. 1778-ம் ஆண்டு வாக்கில் ஆச்சியூ என்ற சீன வியாபாரி கொல்கத்தா அருகே வந்து இறங்கினார். ஆங்கிலேயரிடம் நிலம் வாங்கி சர்க்கரை ஆலை வைத்தார். அவர் பெயரால் அந்த ஊர் இன்றைக்கும் ஆச்சிப்பூர் என்றே அழைக்கப்படுகிறது.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் தச்சு வேலை, செருப்பு வேலை, தோல் பதனிடும் வேலை என்று பிழைத்தனர். கொல்கத்தாவின் டாங்ரா பகுதி முழுக்க சீனர்களின் தோல் பட்டறைகள்தான். 1996-ம் ஆண்டு, தோல் பட்டறைகளை நகரத்தை விட்டு வெளியே மாற்றச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. பட்டறை இருந்த இடங்கள் பலவும் பிறகு ஓட்டல்கள் ஆகிவிட்டன. பச்சை மிளகாய், மல்லித்தழை, மசாலா என்று நம்ம ஊர் நாக்குக்குத் தக்கபடி சீனச் சமையல் மாறியது இந்தக் கொல்கத்தாவில்தான்.

அங்கே பிறந்த சீன சமையல்காரர் நெல்சன் வாங். 1975-ம் ஆண்டு மும்பை கிரிக்கெட் கிளப்பில் வேலை பார்த்தபோது, புதுசாக ஏதாவது போடச் சொல்லி ஒருவர் கேட்டாராம். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை நம்ம ஊர் மாதிரி வதக்கியவர், கரம் மசாலாவுக்குப் பதிலாக சோயா சாஸை ஊற்றி, சோள மாவில் பொரித்த சிக்கனைப் போட்டுப் புரட்டினார். அதுதான் சிக்கன் மஞ்சூரியன். அந்தச் சிக்கனின் இடத்தில் காலிபிளவர் வந்து உட்கார்ந்ததுதான் கோபி மஞ்சூரியன்.

சிவப்பு எங்கிருந்து வருது?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. சோயா சாஸ் கறுப்பு. சோள மாவு வெள்ளை. காலிபிளவரும் வெள்ளை. அப்புறம் எப்படி இந்த ரத்தச் சிவப்பு? மிளகாய்த்தூளும் தக்காளி சாஸும் சிவப்புதான். ஆனால் அவை விரலைக் கழுவியும் போகாத அளவுக்குச் சாயம் ஏற்றாது. அப்படி ஏற்றுவது மாவில் கலக்கும் கலர் பொடி.

கலர் பொடி 2 வகை.

ஒன்று, உணவுக்கென்று அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறம். நம் நாட்டில் 8 நிறங்களுக்கு அனுமதி உண்டு. அதுவும் சட்டம் சொல்லும் சில உணவுகளில் மட்டும், பெரும்பாலும் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்ற அளவுக்குள். ஸ்வீட், ஐஸ்கிரீம் போன்றவை அந்தப் பட்டியலில் வரும். கோபி மஞ்சூரியனும் கடையில் பொரிக்கும் சிக்கனும் வராது. அதாவது, டப்பாவில் 'உணவுக்கானது' என்று எழுதியிருந்தாலும் இவற்றில் போடுவது தப்புதான்.

இரண்டாவது, ரோடமைன்-பி. இது துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம். எந்தச் சாப்பாட்டிலும் சேர்க்க அனுமதி கிடையாது. பஞ்சு மிட்டாயில் இது இருப்பது பரிசோதனையில் தெரிய வந்ததால், 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்கே தடை போட்டது.

அடுத்த மாதமே கர்நாடகாவில் கோபி மஞ்சூரியன் மாட்டியது. அங்கே எடுத்த 171 மாதிரிகளைப் பரிசோதித்ததில் 107-ல் செயற்கை நிறம் இருந்தது. 100-க்கு 60-க்கு மேல்! உடனே, கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்க அந்த மாநில அரசு தடை விதித்தது. மீறினால் 7 வருஷ ஜெயில், 10 லட்சம் ரூபாய் அபராதம் வரை போகலாம் என்றும் எச்சரித்தது. தடை கோபிக்கு இல்லை, கலருக்குத்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோசின் போன்ற நிறங்கள் சில குழந்தைகளைப் பரபரப்பாக்கி, கவனத்தைக் கெடுக்கலாம் என்று 2007-ம் ஆண்டு இங்கிலாந்தில் சவுத்தாம்டன் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. அதன் பிறகு, 2010 முதல் ஐரோப்பிய நாடுகளில் இந்த நிறங்கள் சேர்த்த பாக்கெட்டுகளில் எச்சரிக்கை வாசகம் கட்டாயம் ஆகிவிட்டது.

பழி விழுந்தது அஜினோமோட்டோ மேலே

சைனீஸ் கடை என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் அஜினோமோட்டோ. இது ஒரு ஜப்பான் கம்பெனியின் பெயர். பொருளின் பெயர் மோனோ சோடியம் குளூட்டமேட். 1908-ம் ஆண்டு ஜப்பான் பேராசிரியர் இகேடா, கடல்பாசி சூப்பில் இருந்த தனி ருசியைப் பிரித்து எடுத்துக் கண்டுபிடித்தார். தக்காளியிலும் தாய்ப்பாலிலும் கூட குளூட்டமேட் இயற்கையாகவே உண்டு.

பிறகு கெட்ட பெயர் எப்படி வந்தது? 1968-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு டாக்டர், சீன ஓட்டலில் சாப்பிட்டால் கழுத்து மரத்துப் போகிறது, படபடப்பு வருகிறது என்று மருத்துவப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். காரணமாக இருக்கலாம் என்று அவர் சொன்னவற்றில் இந்த உப்பும் ஒன்று. அவ்வளவுதான், தீ மாதிரிப் பரவிவிட்டது. பிறகு நடந்த ஆய்வுகளில், எது கலந்தது எது கலக்காதது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தபோது, அந்தக் குற்றச்சாட்டு உறுதியாகவில்லை. வெறும் வயிற்றில் 3 கிராமுக்கு மேல் எடுத்தால் சிலருக்குத் தலைவலி, படபடப்பு வந்து போகலாம். ஒரு வேளை சாப்பாட்டில் சேருவது பொதுவாக அரை கிராமுக்கும் குறைவு.

அதற்காக அள்ளிக் கொட்டலாம் என்று அர்த்தம் இல்லை. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கான உணவில் சேர்க்கக் கூடாது என்பது சட்டம். பிரஷர்காரர்கள் கவனிக்க வேண்டியது சோயா சாஸைத்தான். ஒரு பெரிய ஸ்பூன் சோயா சாஸில் 2 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள்தான் உப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பயப்பட வேண்டியது ஆறிய சோற்றுக்கு!

யாருமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு. "இந்தச் சோறு எப்ப வடிச்சது?"

பிரைடு ரைஸுக்குச் சுடு சோறு ஆகாது. குழைந்து ஒட்டிக்கொள்ளும். ஆறிய சோறுதான் உதிரி உதிரியாக வரும். சீனாவிலும் முந்தின நாள் சோற்றைத்தான் எடுப்பார்கள். அது தப்பில்லை. ஆறிய சோற்றை எங்கே வைத்திருந்தார்கள் என்பதுதான் கேள்வி.

அரிசியில் 'பேசிலஸ் செரியஸ்' என்ற கிருமியின் வித்துகள் சாதாரணமாகவே இருக்கும். சோறு கொதித்தாலும் அவை சாகாது. மத்தியானம் வடித்த சோற்றை அண்டாவில் மூடி, அடுப்பு ஓரத்திலேயே ராத்திரி வரை வைத்தால் வித்து முளைத்துக் கிருமி பெருகும். விஷத்தைக் கக்கும். அந்த விஷம் வாணலிச் சூட்டிலும் அழியாது. "நல்லா தீயில போட்டுத்தானே தர்றாங்க" என்ற நம்பிக்கை இங்கே செல்லாது.

1970-களில் இங்கிலாந்தில் இப்படி வாந்தி எடுத்தவர்களை விசாரித்தபோது, பல பேர் சீன ஓட்டல் பிரைடு ரைஸ் சாப்பிட்டவர்கள் என்பது தெரிந்தது. இதற்கு 'பிரைடு ரைஸ் நோய்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

சாப்பிட்டு 1 மணி முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி வரும். இதே கிருமியின் இன்னொரு வகை விஷத்தால் 6 மணி நேரத்துக்குப் பிறகு வயிற்றுப்போக்கும் வரலாம். பெரும்பாலும் ஒரே நாளில் சரியாகிவிடும். ஆனால் சின்னக் குழந்தைகள், வயதானவர்களுக்கு உடம்பில் நீர் வற்றிவிடும் ஆபத்து உண்டு. ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே, நிற்கவில்லை என்றால் தாமதிக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

வழி ரொம்ப சுலபம். வடித்த சோற்றை அகலத் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆற வைத்து, உடனே பிரிட்ஜில் வைத்தால் போதும்.

கறுத்த எண்ணெய், கொதிக்கும் பார்சல்

பொரித்த எண்ணெயிலேயே மறுபடி மறுபடி பொரித்தால் எண்ணெய் கெட்டுப் போகும். கெட்டதைக் கணக்கிட ஓர் அளவு இருக்கிறது. அது 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை 1-ந் தேதி முதல் விதி அமலில் உள்ளது. மிஷின் இல்லாமலே கண்ணால் கண்டுபிடிக்கலாம். எண்ணெய் டீ டிக்காஷன் மாதிரி கறுத்து, கெட்டியாகி, நுரை தள்ளினால் அது ஓய்ந்துபோன எண்ணெய்.

அடுத்து பார்சல். கொதிக்கக் கொதிக்க ரைஸை பிளாஸ்டிக் தாளில் கட்டித் தருவது இன்னமும் சில இடங்களில் நடக்கிறது. சாப்பாடு கட்டும் பிளாஸ்டிக் தாளுக்கு 2019 ஜனவரி 1-ந் தேதி முதலே தமிழ்நாட்டில் தடை உள்ளது. வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொண்டு போனால் தொல்லை விட்டது.

கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கு

எல்லாப் பழியையும் கடைக்காரர் தலையில் போடுவதும் சரியில்லை. ராத்திரி 11 மணி வரை தீ முன்னால் நிற்பவர் அவர். காஸ் சிலிண்டர், எண்ணெய், வாடகை எல்லாம் ஏறிக்கிடக்கிறது. கலர் போடாமல் கொடுத்தால், "என்னங்க, வெளுத்துப்போய் கெடக்குது?" என்று முகம் சுளிப்பது வாங்குகிற நாம்தான். சிவப்பாக இருந்தால்தான் காரம், காரமாக இருந்தால்தான் ருசி என்று கண் பழகிவிட்டது. நாம் கேட்பதால்தான் கலர் டப்பா கடைக்கு வருகிறது. நாம் வேண்டாம் என்றால் அது போய்விடும்.

சாப்பிடப் போகும்போது கவனிக்க:-

* கடையில் 14 இலக்க உணவு பாதுகாப்புத் துறை எண் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

* "கலர் போடாம போடுங்க" என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லுங்கள். மாவில் முன்னாலேயே கலந்துவிட்டேன் என்றால், அன்றைக்கு கோபி வேண்டாம். முட்டை நூடுல்ஸ் சொல்லுங்கள்.

* சோறு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிரிட்ஜில் இருந்து எடுத்தால் நல்லது. வெளியே அண்டாவில் கிடந்தால், எப்போது வடித்தது என்று கேளுங்கள்.

* வாணலி எண்ணெயின் நிறத்தை ஒரு பார்வை பாருங்கள்.

* வாங்கிய பார்சலை உடனே சாப்பிடுங்கள். மிச்சத்தைக் காலையில் சுட வைத்துப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

* தப்பு நடப்பதாகத் தெரிந்தால் மாவட்ட உணவு பாதுகாப்பு நியமன அலுவலர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். பில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

வாரம் முழுக்க உழைத்த காசில் பிள்ளைகளைக் கடைக்குக் கூட்டிப் போவது தப்பே இல்லை. அவர்களுக்கு அது ஒரு திருவிழா. அடுத்த சனிக்கிழமை அதே ஸ்டூலில் உட்கார்ந்து, "மாஸ்டர், கலர் இல்லாம ஒரு கோபி" என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பக்கத்து டேபிள்காரரும் கேட்பார். 10 பேர் கேட்டால் 11-வது ஆளுக்கு மாஸ்டர் கேட்காமலே கலர் டப்பாவை ஓரம் வைத்துவிடுவார். பையன் விரலும் சுத்தமாக இருக்கும், வயிறும் சுத்தமாக இருக்கும்.