தாத்தா வாட்ச்... தங்கமா, தகரமா?

பீரோவுல தாத்தாவோட பழைய ஸ்விஸ் வாட்ச் மஞ்சளா மின்னுதா பாஸ்? அடகுக் கடைக்கு ஓடாதீங்க, அங்கே எடைதான் பேசும்! வாட்ச் மெக்கானிக்கிட்ட கொடுத்து பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்க. உள்ளே ‘750’னு எண்ணும், குட்டியா ஒரு பெண் தலை முத்திரையும் இருந்தா 18 காரட். (1995-க்கு அப்புறம் அந்தம்மா போய் நாய்த் தலை வந்தாச்சு!) ‘20 மைக்ரான்’னு போட்டிருந்தா வெறும் முலாம். 18 காரட்னா முக்கால் பங்குதான் தங்கம். 10 கிராம் கேஸ்ல ஏழரை கிராம். ஆனா, டயலும் முள்ளும் ஒரிஜினலா இருந்தா, நல்ல கம்பெனி வாட்ச்சுக்கு சேகரிப்பாளர்கள் அதுக்கு மேலேயும் தருவாங்க. ‘புதுசாக்கித் தர்றேன்’னு டயலுக்கு பெயின்ட் அடிக்க விட்டீங்க... போச்சு! அத்தை, சித்தப்பானு பங்கு பிரிக்கறதா இருந்தா, தங்க விலையையும் வாட்ச் விலையையும் தனித்தனியா எழுதி வாங்கிடுங்க.